'கைட்' என்றால் வழிகாட்டியா, காற்றாடியா? இங்கிலீஷ் உச்சரிப்பை சரிசெய்வது எப்படி?

மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 2022-ல் 44-வது செஸ் ஒலிம்பியாட்டும் இங்கேதான் நடந்தது. இந்த ஊரில் வழிகாட்டி, கற்சிற்பி, ஆட்டோ ஓட்டுநர் எனப் பலருக்கும் இங்கிலீஷ்தான் சோறு போடுது. ஆனா, இலக்கணம் சரியாப் பேசியும் எதிரில் நிற்கும் வெளிநாட்டவர் "வாட்?" என்று கேட்டால்? பெரும்பாலும் சிக்கல் உச்சரிப்பில்தான்.

எங்கே தடுமாறுகிறோம்?

வழிகாட்டி, காற்றாடி இரண்டின் இங்கிலீஷ் பெயரையும் தமிழில் 'கைட்' என்றே எழுதுகிறோம். கடற்கரையும் பீச் பழமும்கூட ஒரே 'பீச்'தான். நம் எழுத்து இந்த வித்தியாசத்தைக் காட்டாது. ஆனா, அந்த ஒலிகள் நம்ம வாயில் ஏற்கெனவே இருக்கு. 'கல்' என்பதில் வரும் 'க' காற்றாடிக்கு. 'தங்கம்' என்பதில் வரும் 'க' வழிகாட்டிக்கு. அதேபோல 'பல்'லின் 'ப' பழத்துக்கு, 'அம்பு'வின் 'ப' கடற்கரைக்கு. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்க. 'தங்கம்', 'அம்பு' ஒலிகளில் அதிர்வு விடாமல் தொடரும்.

கடற்கரைக் கோயிலை 'ஷோர் டெம்பிள்' என்று சொல்லணும். 'சோர்' என்றால் புண், வலி என்று அர்த்தம் மாறிடும்.

காகிதத்தை வைத்து ஒரு சோதனை

வாய்க்கு முன்னால் சின்ன காகிதத் துண்டைப் பிடித்து, 'பணம் கொடு' என்ற பொருளில் 'பே' சொல்லுங்க. காகிதம் ஆடணும். சொல்லின் தொடக்கத்தில் வரும் இந்த ஒலியோடு இங்கிலீஷ்காரர்கள் காற்றையும் சேர்த்துத் தள்ளுவாங்க. நாம் தள்ளுவதில்லை. அதனால் அவங்க காதில் அது விரிகுடாவைக் குறிக்கும் 'பே' ஆக விழலாம்.

15-ஆ, 50-ஆ?

கடைக்காரர்களுக்கு நஷ்டம் வரும் இடம் இது. 'ஃபிஃப்டீன்' என்பதில் பின்பகுதியை அழுத்தி, நீட்டிச் சொல்லணும். 'ஃபிஃப்டி'யில் முன்பகுதியை அழுத்தி, பின்பகுதியைக் குறுக்கணும். சந்தேகம்னா கால்குலேட்டரில் காட்டிடுங்க!

இங்கிலீஷில் எந்தப் பகுதியை அழுத்துகிறோம் என்பது ரொம்ப முக்கியம். 'ஹோட்டல்' என்பதில் அழுத்தம் இரண்டாம் பகுதிக்கு: ஹோ-டெல். 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் பகுதிக்கு. 'போட்டோகிராஃபர்' ஆனதும் இரண்டாம் பகுதிக்குத் தாவிடும். சிற்பிகள் தினமும் சொல்லும் 'கிரானைட்' சொல்லிலும் முடிவு 'நைட்' இல்லை, 'நிட்'.

இன்னொன்று, 'டிக்கெட்டு', 'ஷாப்பு' என்று கடைசியில் 'உ' சேர்க்கும் பழக்கம். மெய்யெழுத்தோடு சொல்லை நிறுத்திப் பழகுங்க.

எப்படிப் பயிற்சி செய்வது?

* உங்க தொழிலில் தினமும் பயன்படும் 20 சொற்களை மட்டும் முதலில் எடுங்க.
* இணைய அகராதியில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒவ்வொன்றையும் கேளுங்க. தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்ய வேண்டாம்.
* கேட்ட உடனே கூடவே சொல்லி, செல்போனில் பதிவு செய்து ஒப்பிடுங்க.
* தனிச் சொல் சரியானதும் முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்க.
* தினம் 10 நிமிடம் போதும். ஆனா விடாமல் செய்யணும்.

வெள்ளைக்காரர் மாதிரியே பேசணுமா?

தேவையே இல்லை. ஒருவரின் பேச்சில் தாய்மொழிச் சாயல் தூக்கலாக இருந்தாலும் கேட்பவருக்கு முழுசாகப் புரியலாம் என்று கனடா ஆய்வாளர்கள் மன்றோ, டெர்விங் 1995-லேயே காட்டினார்கள். செங்கல்பட்டையே 'சிங்கிள்புட்' ஆக்கியவர்கள்தானே ஆங்கிலேயர்கள்! தமிழ்ச் சாயல் குறையில்லை. அதை மறைக்கவும் வேண்டாம். சொல்ல வந்த சொல் எதிராளிக்குப் புரியணும், அவ்வளவுதான்.