செப்டம்பரில் தொடங்கும் துடுப்பு: அமெரிக்கப் பள்ளிப் படகோட்டிகளின் ஓராண்டு

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஸ்கூல்கில் ஆற்றில் ஆண்டுதோறும் மே மாதம் ஸ்டோட்ஸ்பரி கோப்பைக்கான படகுப் பந்தயம் நடக்கிறது. 1927-இல் தொடங்கிய இந்தப் பந்தயம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கானது. தூரம் 1500 மீட்டர். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகுக்கு அதைக் கடக்க ஏறத்தாழ ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்தப் பிள்ளைகள் முந்தைய செப்டம்பரிலிருந்தே உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் குடியேறியிருக்கும் வெர்ஜீனியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் பள்ளிப் படகோட்டம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. பிள்ளையை அதில் சேர்க்க நினைக்கும் பெற்றோர், ஆண்டு முழுதும் நடக்கும் இந்தப் பயிற்சியில் எது தேவை, எது மிகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் படகைப் பற்றி. எட்டுப் பேர் படகின் நீளம் சுமார் 18 மீட்டர். அகலமோ ஒருவர் இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம்தான். துடுப்புகள் நீரில் படிந்திருக்கும் வரைதான் அது நிமிர்ந்து நிற்கும். படகோட்டிகள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். இருக்கை சிறு சக்கரங்களின் மேல் முன்னும் பின்னும் ஓடும். பாதங்கள் படகோடு பொருத்திய காலணிகளுக்குள் இருக்கும். அதனால் விசையின் பெரும்பகுதி தொடையிலிருந்து வருகிறது, பிறகுதான் முதுகு, கடைசியில் கை. எதிரே என்ன வருகிறது என்று பார்ப்பவர் ‘காக்ஸ்’ எனப்படும் ஒருவர் மட்டுமே. துடுப்பைத் தொடாமல், சுக்கானைப் பிடித்து, குரலால் எட்டுப் பேரையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. நம் கடற்கரையில் ஏலேலோ பாடி வலை இழுக்கும்போது முதல் குரல் கொடுப்பவருக்கு இருக்கும் பொறுப்பு அது.

ஓராண்டுப் பயிற்சி ஏன்? பார்வைக்கு வெறும் பலப்பரீட்சைபோல இருந்தாலும், 2000 மீட்டர் பந்தயத்துக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு, மூச்சில் வாங்கும் பிராணவாயுவை உடல் பயன்படுத்தும் திறனிலிருந்தே வருகிறது. அந்தத் திறனை இரண்டு மாதத்தில் கூட்டிவிட முடியாது. நிதானமான வேகத்தில், நிமிடத்துக்குப் பதினெட்டு, இருபது துடுப்பு வீச்சு என்ற கணக்கில், நீண்ட நேரம் வலித்து வலித்துத்தான் அது வளர்கிறது. இன்னொரு காரணம் ஒத்திசைவு. எட்டுத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீருக்குள் இறங்கி ஒரே கணத்தில் வெளியேற வேண்டும். ஒருவர் சற்று முந்தினாலும் படகு சாயும், வேகம் குறையும். இந்த இரண்டும் பொறுமையைக் கேட்பவை. ஆண்டு முழுவதும் பயிற்சி என்பதற்கான நியாயம் இவற்றில்தான் இருக்கிறது.

இலையுதிர் காலத்துப் பந்தயங்கள் நீளமானவை. ‘ஹெட்’ பந்தயம் என்று பெயர். படகுகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகச் சில விநாடி இடைவெளியில் கிளம்பும். வெற்றியைத் தீர்மானிப்பது கடிகாரம். 1965 முதல் பாஸ்டனின் சார்ல்ஸ் ஆற்றில் அக்டோபரில் நடக்கும் ‘ஹெட் ஆஃப் தி சார்ல்ஸ்’ இவற்றில் உலகப் புகழ் பெற்றது. மூன்று மைல், அதாவது ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் ஆறு வளைந்து வளைந்து போகிறது; வழியில் பாலங்கள். பள்ளி மாணவர்களுக்கும் அங்கே தனிப் பிரிவுகள் உண்டு. வளைவில் சுக்கானைச் சரியாகத் திருப்பத் தெரியாத காக்ஸ், எட்டுப் பேரின் உழைப்பையும் கரையோரத்தில் கரைத்துவிடலாம். கோடையில் சம்பாதித்த உடல்திறனைச் சோதிக்கவும், புதிதாகச் சேர்ந்தவர்களைப் படகுக்குப் பழக்கவும் இந்தப் பருவம் நல்ல வாய்ப்பு.

குளிர்காலத்தில் வடக்கு மாநில ஆறுகள் உறைந்துவிடும். அப்போது பயிற்சி அறைக்குள் போகிறது. அங்கே ஆட்சி செய்வது ‘எர்க்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் எர்கோமீட்டர். வெர்மாண்டைச் சேர்ந்த டிரைசிகாக்கர் சகோதரர்களின் கான்செப்ட்2 நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த இயந்திரத்தின் வழிவந்தவைதான் இன்று பெரும்பாலான பள்ளிகளில் இருப்பவை. சங்கிலியை இழுத்தால் விசிறிச் சக்கரம் சுழலும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு காற்றுத்தடை. 500 மீட்டரைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று சிறு திரை ஒவ்வொரு இழுப்புக்கும் காட்டிக்கொண்டே இருக்கும். 2000 மீட்டர் சோதனையில் ஆறரை நிமிடத்துக்குள் முடிப்பது பையன்களுக்கும், ஏழரை நிமிடத்துக்குள் முடிப்பது பெண்களுக்கும் நல்ல கணக்கு. கல்லூரிப் பயிற்சியாளர்கள் முதலில் கேட்பதும் இந்த எண்ணைத்தான்.

இந்த எண்ணுக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. எர்க்கில் உடல் எடை அதிகமானவருக்கு அது பாரமாவதில்லை, படகில் ஆகும். எர்க் சமநிலையைக் கேட்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்கச் சொல்வதில்லை. எர்க் எண்ணைச் சுவரில் ஒட்டிப் பதினைந்து வயதுப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் அணிகளில், பிள்ளைகள் படகைக் கற்பதற்கு முன் பயத்தைக் கற்றுவிடுகிறார்கள். இடுப்பு வலி, விலா எலும்பில் நுண்முறிவு, மணிக்கட்டு வீக்கம் ஆகிய படகோட்டிகளின் வழக்கமான காயங்கள், தவறான முறையில் பயிற்சியைத் திடீரென்று கூட்டும்போதுதான் பெரிதும் வருகின்றன. குளிர்காலத்து எர்க் சோதனைப் போட்டி அப்படித் திடீரென்று கூட்டத் தூண்டுகிறது.

வசந்தம் வந்ததும் உண்மையான பருவம் தொடங்குகிறது, ஆபத்தும் அப்போதுதான். பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் வெயில் அடிக்கலாம், ஆனால் நீர் குளிர்காலத்து நீர்தான். அதில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும், பிறகு கை கால் மரத்துப்போகும்; நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்ல. காற்றின் வெப்பநிலையையும் நீரின் வெப்பநிலையையும் ஃபாரன்ஹீட்டில் கூட்டி, 90-க்குக் கீழே இருந்தால் கூடுதல் எச்சரிக்கை என்ற விதி அமெரிக்கப் படகோட்டிகளிடையே புழங்குகிறது. படகோட்டிகள் பெரும்பாலும் மிதவைச் சட்டை அணிவதில்லை. எல்லாருக்குமான சட்டைகளையும் சுமந்துகொண்டு பயிற்சியாளரின் மோட்டார் படகு அருகிலேயே வர வேண்டும். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. மிதக்கும் படகைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பிள்ளைகள் உறக்கத்திலும் சொல்ல வேண்டும்.

வசந்தகாலப் பந்தயங்களில் படகுகள் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகக் கிளம்புகின்றன. பள்ளி அணிகளுக்கு வழக்கமான தூரம் 1500 மீட்டர். இளையோர் தேசியப் போட்டியில் 2000. கிளம்பும்போது துடுப்பு வீச்சு நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டும், நடுவில் முப்பத்தைந்தை ஒட்டி நிலைக்கும், கடைசி 250 மீட்டரில் மறுபடி ஏறும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லாங் பீச்சில் நடக்கும் படகோட்டப் பந்தயங்களும் 1500 மீட்டர்தான்.

பிறகு கோடை. பயிற்சி முகாம்கள் அப்போதும் கூப்பிடும். இங்கேதான் பெற்றோர் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாளும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் அதிலிருந்து ஓய்வு தேவை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. அந்த மாதங்களில் கூடைப்பந்து ஆடலாம், சைக்கிள் ஓட்டலாம், வெறுமனே வீட்டில் இருக்கலாம். பின்தங்கிவிடுவோம் என்ற அச்சம் இந்த விளையாட்டில் குறிப்பாகப் பொருந்தாது. பிரிட்டனின் ஹெலன் குளோவர் துடுப்பைப் பிடித்ததே 2008-இல், இருபது வயதைத் தாண்டிய பிறகு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

பெற்றோர் அவசரப்படுவதற்கு இன்னொரு காரணம் கல்லூரி. பெண்கள் படகோட்டம் 1997 முதல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வின் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்று. விளையாட்டில் ஆண் பெண் சமவாய்ப்பைக் கோரும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால், பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கு உதவித்தொகை ஒதுக்குகின்றன. ஆண்கள் படகோட்டம் அந்த அமைப்பின் கீழ் இல்லை; அங்கே உதவித்தொகை மிகக் குறைவு. இந்த வேறுபாட்டைப் பையன்களின் பெற்றோர் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள். 2019-இல் வெளிவந்த கல்லூரிச் சேர்க்கை மோசடியில், படகோட்டியே இராத பிள்ளைகளை எர்க்கில் உட்காரவைத்துப் படமெடுத்துப் படகோட்டிகளாகக் காட்டியது அம்பலமானது. குறுக்குவழியாக மட்டும் பார்த்தால் எந்த விளையாட்டும் இப்படித்தான் கெட்டுப்போகும்.

செலவையும் மறைக்கக் கூடாது. புதிய எட்டுப் பேர் படகு பல்லாயிரம் டாலர். வட வெர்ஜீனியாவின் அரசுப் பள்ளி அணிகள் பல ஒரே அக்கோக்வான் நீர்த்தேக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன; பெற்றோர் திரட்டும் பணத்தை நம்பித்தான் பெரிதும் ஓடுகின்றன. அப்படியும் படகுத்துறை எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டுவதில்லை. இந்த விளையாட்டின் பெருங்குறை இதுதான். நம் பக்கத்திலும் நிலைமை மாறுபட்டதல்ல: 1867-இல் உருவான, அடையாற்றங்கரையிலுள்ள மெட்ராஸ் போட் கிளப்பின் நீண்ட வரலாறு, சென்னையின் சாதாரணப் பள்ளி மாணவரைத் துடுப்பருகே கொண்டுவந்துவிடவில்லை.

வாய்ப்புக் கிடைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம் கட்டும் முன் ஒரு நாள் விடியற்காலையில் படகுத்துறைக்குப் போய் நில்லுங்கள். நீச்சல் சோதனை வைத்தார்களா, மோட்டார் படகு கூடவே போகிறதா, மின்னல் கண்டால் எல்லாரையும் கரையேற்றுகிறார்களா என்று பாருங்கள். ஆண்டில் எந்த மாதங்கள் ஓய்வு என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அதற்கு அவரிடம் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு அணியைத் தேடுங்கள்.