வெட்கம் தாய்க்கா, நாடாள்வோர்க்கா?

எத்தியோப்பியாவின் தலைநகரம் அடிஸ் அபாபா. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது; தலைவர்கள் கூடிக் கண்டத்தின் எதிர்காலம் பேசும் ஊர் அது. அதே ஊரில், ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்ப்போர் 102 பேரிடம் ஆய்வாளர்கள் கேட்டறிந்த செய்தி 2016ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 45 பேர், பிள்ளையின் நிலைக்காக வெட்கப்படுவதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேர், அதை வெளியே தெரியாமல் மறைக்கப் பாடுபடுவதாகச் சொன்னார்கள்.

வெட்கமா? எதற்கு வெட்கம்? அந்தத் தாய் திருடினாளா? பிறர் பொருளைப் பறித்தாளா? பத்து மாதம் சுமந்து பெற்றாள். பெற்ற பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. கூச்சல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கதறுகிறது. இதுவா அவள் செய்த குற்றம்?

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலே உள்ள வேறுபாடு. தொற்றுநோயல்ல, சாபமுமல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ல் உலக மக்களில் 127 பேருக்கு ஒருவர் இப்படி இருந்தனர். மாளிகை, மண்குடிசை என்று பார்த்து ஆட்டிசம் வருவதில்லை. உதவி மட்டும் பார்த்துத்தான் வருகிறது!

எத்தியோப்பியாவிலே பேய் பிடித்தது என்பார் ஒருவர். பாவத்தின் தண்டனை என்பார் மற்றொருவர். ஏழை நாட்டின் அறியாமை என்று எள்ளி நகையாட எவரும் முந்த வேண்டாம். செல்வத்தில் புரண்ட அமெரிக்கா செய்தது என்ன? 1943ல் லியோ கன்னர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தை உலகறியச் செய்தார். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், பாசமற்ற தாயே காரணம் என்று பழி கிளம்பிற்று. 'குளிர்ப்பெட்டித் தாய்' என்று பட்டமும் சூட்டினார்கள்! ஆட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு, 1964ல் சான்றுகளை அடுக்கி அதை மறுத்தார். அதன் பிறகும் 1967ல் புருனோ பெட்டல்ஹைம் நூல் எழுதி அதே பழியைப் பரப்பினார். மந்திரவாதி நீட்டிய விரலும் மாமேதை நீட்டிய விரலும் ஒரே பக்கம்தான் நீண்டன: தாயின் பக்கம்!

பழி சுமந்த தாய்மார் எல்லோரும் பதுங்கிவிடவில்லை. அடிஸ் அபாபாவில் அழகுக்கலைப் பள்ளி நடத்திய ஸெமி யேனுஸ் என்ற அம்மையார், தம் மகன் ஆட்டிசப் பிள்ளை என்பதை ஊரறியச் சொன்னார். 2002ல் அத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஒரு நிலையம் நிறுவினார். மறைத்து வைக்கப்பட்ட பிள்ளைகள் வெளிச்சத்துக்கு வந்தனர். வீரமென்றால் அது வீரம்!

ஆனால், ஒரு தாயின் வீரத்தால் ஒரு நாட்டின் தேவை தீர்ந்துவிடுமா? எத்தியோப்பியாவின் மக்கள் தொகை 10 கோடிக்கு மேல். குழந்தை மனநல மருத்துவர்களோ மிகமிகச் சிலர், அவர்களும் பெரும்பாலும் தலைநகரில். சிற்றூரில் இருப்பவள் எங்கே போவாள்?

வழியில்லையா? வழி இருக்கிறது, தோழர்களே! 2003ல் தொடங்கிய திட்டத்தின்படி, எத்தியோப்பிய அரசு ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர்களை அமர்த்திற்று. இன்று 30,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். இவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் அந்தப் பிள்ளைகளைப் பற்றிய தவறான எண்ணம் குறைந்தது.

பெற்றோருக்கென உலகச் சுகாதார நிறுவனமும் ஒரு பயிற்சி வகுத்திருக்கிறது: 9 கூட்டங்கள், வீட்டுக்கே வந்து பார்ப்பது 3 முறை. பிள்ளையோடு விளையாடுவது எப்படி, சைகையால் பேச்சை வளர்ப்பது எப்படி, உண்ணவும் உடுத்தவும் பழக்குவது எப்படி என்று கற்றுத் தருகிறார்கள். கற்றுத் தருவோர் பெரிய மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. எத்தியோப்பியாவிலும் இதை நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

பலன் உண்டா என்று கேட்போருக்குக் கோவாவும் ராவல்பிண்டியும் விடை தரும். 2016ல் வெளியான ஆய்வு அது. இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையிலே முறைத்து நிற்க, இரு நாட்டிலுமாக 65 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் குடும்பங்களுக்குச் சாதாரண நலப் பணியாளர்கள் இத்தகையதொரு பயிற்சி அளித்தார்கள். அந்த வீடுகளிலே பெற்றோர் பிள்ளையின் குறிப்பறிந்து நடப்பது கூடிற்று; பிள்ளை தானே முன்வந்து தொடர்புகொள்வதும் கூடிற்று.

அறிவு இருக்கிறது, கற்றுத் தர ஆளும் இருக்கிறது. இல்லாதது எது? அந்த 102 பேரிடம் உங்கள் தேவை என்ன என்று கேட்டபோது, நூற்றுக்கு 74 பேர் சொன்னது கல்வி வசதி. பிச்சை கேட்கவில்லை, பிள்ளைக்குப் பள்ளி கேட்டார்கள்! பள்ளியில் இடமில்லையென்றால் தாய் காவலிருக்க வேண்டும். காவலிருந்தால் கூலி போயிற்று. கூலி போனால் அடுப்பு எரியாது. கூலிக்கு உழைப்போருக்கு இந்தக் கணக்கை விளக்கவா வேண்டும்?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை எத்தியோப்பியா 2010ல் ஏற்றது. கல்வி உரிமை அதிலே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்து வகுப்பறையாக வேண்டும், ஆசிரியராக வேண்டும், சுகாதாரப் பணியாளரின் சம்பளமாக வேண்டும். கடனிலும் வறுமையிலும் அழுந்தும் நாடு தனியே இத்தனையும் செய்யட்டும் என்று செல்வ நாடுகள் ஒதுங்கி நிற்பதும் நியாயமல்ல.

தோழர்களே, இந்தப் பிள்ளைகள் நம் தெருவிலும் உண்டு. அந்த வீட்டைக் கடக்கும்போது உச்சுக்கொட்டிவிட்டுப் போகாதீர். உள்ளே போய்ப் பேசுங்கள்; உங்கள் பிள்ளைகளை அந்தப் பிள்ளையோடு விளையாட விடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையே அப்படியென்றால், பாரம் முழுவதையும் மனைவியின் தலையில் ஏற்றிவிட்டு வெளியேறாதீர். பள்ளியில் சேர்க்க மறுத்தால், அந்தத் தாயோடு நீங்களும் சென்று கேளுங்கள்.

தலைகுனிய வேண்டியவள் தாயல்ல. வகுப்பறைக் கதவை மூடியவர் எவரோ, அவர் குனியட்டும்!