அடுப்பு எதுவானாலும் பால் பொங்கட்டும்

மார்கழி முடியும் தறுவாயில் ஒரு நாள். பள்ளி விட்டதும் பிள்ளையை அழைத்துப்போக வந்த தாயார் ஒருவரிடம், "என்னம்மா, பொங்கலுக்கு எல்லாம் தயாரா?" என்று கேட்டேன்.

"எங்க சார்! தோட்டத்துல இருந்தப்போ லயத்து வாசல்ல மூணு கல்லு வச்சுப் பொங்கினோம். இப்ப அடுக்குமாடியில நாலாவது மாடி. வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல வேலை. அன்னைக்கு லீவும் கிடையாது. யாரை வச்சுக்கிட்டுப் பொங்குறது?" என்றார்.

அந்தப் பதில் என் மனத்தை உறுத்தியது. என் வீட்டிலும் ஒரு வருடம் அப்படித்தான் நடந்தது. தீபாவளிக்கு விடுமுறை உண்டு, பொங்கலுக்கு இல்லை. வேலை நாள் என்று தள்ளிப் போட்டோம். போட்டது போட்டபடியே போயிற்று. தை மாதம் முடியும் முன் என் மகன், "அப்பா, நாம பொங்கல் வைக்கவே இல்லையே?" என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

நம் பாட்டன்மார் கங்காணிகளின் பேச்சை நம்பிக் கப்பலேறி வந்தவர்கள். இங்கே அவர்களுக்கு வயலும் இல்லை, அறுவடையும் இல்லை. பால்மரம் வெட்டிய கூலியில் கடையில் அரிசி வாங்கித்தான் பொங்கல் வைத்தார்கள். ஆனாலும் வாசலில் கோலம் விழுந்தது, மாவிலையும் தென்னங்குருத்தும் தோரணமாயின. ஒரு வீட்டுப் பானையில் வெந்தது பத்து வீட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போயிற்று.

அவர்களுக்கும் வெகுகாலம் முன்னே இம்மண்ணுக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மலாக்காப் பட்டணத்துக் காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளைத்தான் சொல்கிறேன். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே, சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்தவர்கள் இவர்களின் முன்னோர். இங்குள்ள பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று இவர்கள் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். ஆனால், சமயத்தை விடவில்லை. ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கும் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் இச்சமூகத்தார் எழுப்பியது.

பொங்கலையும் இவர்கள் விடவில்லை. போகியன்று மறைந்த பெரியோருக்குப் படையல் உண்டு. அதைப் 'பார்ச்சு' என்பார்கள். பெரியோர் விரும்பி உண்ட பதார்த்தங்களை வாழையிலையில் பரப்பிச் சாம்பிராணி காட்டி வணங்குவார்கள். எங்கெங்கோ வேலை பார்க்கும் உறவினரும் அன்று வீடு வந்து சேர்வார்கள். 'இது தாத்தாவுக்குப் பிடித்தது' என்று சொல்லிப் பரிமாறும்போது, கண்ணால் காணாத தாத்தாவையும் பேரப்பிள்ளைகள் அறிந்து கொள்கிறார்கள். மொழி கைநழுவிய வீட்டிலும் பொங்கல் நிலைத்ததற்கு இந்தக் கூடிவாழும் பழக்கமே காரணம் என்பது என் எண்ணம்.

நம்மவர் செய்த இன்னொரு காரியமும் நினைக்கத்தக்கது. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' நடத்திய கோ. சாரங்கபாணி, 1952-இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதி, சமயம் பாராமல் தமிழர் அனைவரும் ஒன்றுகூட வேண்டும் என்பதே நோக்கம். அது மலாயாத் தோட்டங்களுக்கும் பரவியது. பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று தோட்டத்துப் பிள்ளைகள் மேடையேறினார்கள்.

ஆகவே, அந்தத் தாயாரிடம் சொன்னேன்: "கல்லடுப்பு இல்லாவிட்டால் கேஸ் அடுப்பு போதுமம்மா. அன்றைக்குக் காலையில் ஒரு பிடி அரிசியாவது வீட்டில் பொங்கிச் சாமிக்கு வையுங்கள். ஊர்கூடிப் பொங்குவதைச் சனிக்கிழமைக்கு வைத்துக் கொள்ளலாம்."

அப்படியே செய்தார்கள். தை முதல் சனிக்கிழமை, அடுக்குமாடியின் கீழே நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே பானையில் பொங்கினார்கள். வெள்ளியிரவு பேருந்தில் வந்திறங்கிய கணவர் கரும்பு கட்டினார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக்கும் எதிர்வீட்டுச் சீனக் கிழவருக்கும் கிண்ணத்தில் பொங்கல் போயிற்று. பால் பொங்கும்போது என் மகன்தான் எல்லோரையும் விட உரக்கக் கூவினான்.

பெற்றோர்களே! இந்த வருடம் உங்கள் பானையில் ஒரு பிடி அரிசி கூடவே போடுங்கள். பிள்ளைகளை அடுப்பருகே நிறுத்தி, கப்பலேறி வந்த பாட்டனின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். தனியாக இருக்கும் ஒரு வீட்டையாவது அழைத்து அந்தப் பிடிச் சோற்றை உண்ணச் செய்யுங்கள்.