நீதிமன்றத்திலிருந்து எவ்வளவு தூரம்?

சட்டக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தையும் பெயரையும் பார்க்கிறார்கள். கல்லூரி எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். அதிலும், வீட்டில் வக்கீல் யாரும் இல்லாத மாணவருக்கு.

கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போவதா, அரசு சட்டக் கல்லூரியே போதுமா? 5 ஆண்டுப் படிப்பா, பட்டம் வாங்கிய பின் 3 ஆண்டுப் படிப்பா? சட்டம் படிக்க விரும்பும் பிள்ளை உள்ள வீடுகளில் நடக்கும் விவாதம் இது. கட்டணம், தரவரிசை, வேலைவாய்ப்பு எல்லாம் அலசப்படுகின்றன. கல்லூரிக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள் குறைவு.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கேள்வி அநேகமாக எழவே இல்லை. 1855ல் தொடங்கிய மும்பை அரசு சட்டக் கல்லூரி இன்றும் சர்ச்கேட் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். காலையில் வகுப்பு, அது முடிந்ததும் ஒரு சீனியரின் அலுவலகம் என்பது அங்கு படித்த பல தலைமுறைகளின் வழக்கம். 1935ல் அம்பேத்கர் முதல்வராகப் பொறுப்பேற்றது இந்தக் கல்லூரியில்தான். சென்னையில் 1891ல் உருவான சட்டக் கல்லூரியோ உயர் நீதிமன்றத்தின் பக்கத்து வீடு. வகுப்பிலிருந்து வெளியே வந்தால் கருப்புக் கோட்டுகளின் நடுவில்தான் நடக்க வேண்டும்.

புத்தகத்தில் இல்லாதது

நகரத்துக் கல்லூரியின் அருமை புரிய ஒரு சட்ட விதியை எடுத்துக்கொள்ளலாம். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீஸ் புலன்விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், காவலில் இருப்பவர் ஜாமீன் பெறுவது அவரது உரிமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. தேர்வில் இதற்கு ஒரு பக்கம் விடை எழுதினால் போதும்.

மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்தில் ரிமாண்ட் நேரத்தில் நின்று பார்க்கும் மாணவருக்கு வேறு கேள்விகள் பிறக்கின்றன. வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்காக அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது யார்? மனுப் போட ஒரு நாள் தாமதமாகி, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்துவிட்டால் அந்த உரிமை கைநழுவிப் போகும். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தார் கிடைக்காமல் சிறையிலேயே இருப்பவர்கள் வேறு. உத்தரவு வந்து 7 நாட்களில் விடுதலையாகாத கைதியைப் பற்றி சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படி எத்தனையோ. மனுவில் ஓர் இணைப்பு விடுபட்டாலும், கோர்ட் கட்டணம் குறைந்தாலும் அது திரும்பி வந்துவிடும். எதைச் சரிசெய்து எப்போது மறுபடி தாக்கல் செய்வது என்பதைச் சொல்லித் தருபவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்ல. பல ஆண்டுகளாக அதே மேஜைகளுக்கு நடக்கும் வக்கீல் குமாஸ்தா. எந்தச் சாட்சியிடம் கேள்வியை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் குறுக்கு விசாரணையைப் பார்த்துப் பார்த்தே வருகிற பாடம்.

பெரிய நகரத்தில் இந்தப் பாடம் பல இடங்களில் நடக்கிறது. குடும்ப நல நீதிமன்றம், தொழிலாளர் நீதிமன்றம், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், நுகர்வோர் ஆணையம், கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயம் என எல்லாம் பஸ் போகும் தூரத்தில். கிரிமினல் வக்கீலாக வேண்டும் என்று வந்தவர் தொழிலாளர் வழக்குகளில் மனதைப் பறிகொடுப்பதும் உண்டு. நேரில் பார்க்காதவருக்கு அந்த வாய்ப்பு எப்படி வரும்?

பார் கவுன்சிலும் இதை உணர்ந்தே இருக்கிறது. 2008ம் ஆண்டு விதிகளின்படி 3 ஆண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும், 5 ஆண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும் வெளியே பயிற்சி பெற வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இயங்க வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள கல்லூரியில் விடுமுறைக்கு மட்டும் உரியதாகும் இந்தப் பயிற்சி, நகரத்தில் செவ்வாய்க்கிழமை பிற்பகலிலும் சாத்தியம்.

செல்போனில் நீதிமன்றம்

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை 2022 செப்டம்பர் முதல் உச்ச நீதிமன்றம் நேரலையில் காட்டுகிறது. மூத்த வழக்கறிஞர்களின் வாதத்தைக் குக்கிராமத்து மாணவரும் கேட்கலாம். பெரிய லாபம்தான். ஆனால் கேமரா நீதிபதியின் மேடையைக் காட்டுகிறது, தாழ்வாரத்தைக் காட்டுவதில்லை. வாய்தாவுக்கு ஒரு நாள் கூலியை இழந்து வந்து நிற்கும் கட்சிக்காரரிடம் என்ன சொல்வது என்பதை எந்த நேரலையும் கற்பிக்காது.

நகரத்தில் இருந்தாலே போதும் என்பதும் இல்லை. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியை மாதவ மேனன் உருவாக்கியது நகரின் ஓரத்தில், நாகரபாவியில். 1988ல் அதன் முதல் அணி சேர்ந்தபோது, 5 ஆண்டு சட்டப் படிப்புக்கே அது புது முகம் தந்தது. நூலகம், விடுதி, நாள் முழுதும் விவாதம் என்ற சூழலுக்கும் ஒரு பலம் உண்டு. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016ல் வெளியிட்ட மரண தண்டனை அறிக்கைக்காக மாணவர்கள் நாடெங்கும் உள்ள சிறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 373 கைதிகளைப் பற்றித் திரட்டிய விவரங்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று தெரியவந்தது. மாணவரை வெளியே அனுப்பும் கல்லூரி எங்கிருந்தாலும் நல்ல கல்லூரியே. அனுப்பாத கல்லூரியிலும் தானாகவே போக முடிகிற வசதி நகரத்து மாணவருக்கு இருக்கிறது.

யாருக்கு நஷ்டம்?

சென்னை அரசு சட்டக் கல்லூரியில் 2008 நவம்பரில் மாணவர்களிடையே நடந்த கொடூரமான மோதலை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதை விசாரித்த ஆணையத்தின் பரிந்துரையைச் சுட்டிக்காட்டி, கல்லூரியை இடம் மாற்ற அரசு முடிவு செய்தது. மாணவர்கள் போராடினார்கள். 2018ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து திருவள்ளூர் பக்கம் பட்டறைபெரும்புதூருக்கும், கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்துக்கும் போனது. பழைய இடத்தின் நெரிசலோடு ஒப்பிட்டால் புதிய வளாகங்கள் விசாலமானவை. ஆனால் மதியம் வகுப்பு முடிந்து உயர் நீதிமன்றத்துக்குள் நுழையும் பழக்கம் அதோடு போயிற்று.

வக்கீலின் மகனுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அவருக்கு வீட்டிலேயே சீனியர் இருக்கிறார். கேஸ் கட்டுகளைப் பார்த்தே வளர்ந்தவர். விவசாயக் கூலியின் மகளுக்கு, ஆட்டோ ஓட்டுநரின் மகனுக்கு, அந்தக் கல்லூரியின் இருப்பிடம்தான் சிபாரிசுக் கடிதம். தாழ்வாரத்தில் தினமும் முகம் தெரிந்தால் யாராவது ஒரு சீனியர் கூப்பிட்டு ஒரு கட்டைக் கையில் கொடுப்பார்.

படிப்பு முடிந்த பின் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. சிவில் நீதிபதி தேர்வெழுத 3 ஆண்டு வக்கீல் அனுபவம் தேவை என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கொண்டுவந்தது. ஆக, நீதிபதி பதவியைக் குறிவைப்பவரும் முதலில் ஒரு சீனியரிடம் சேர வேண்டும். அந்த ஆரம்ப ஆண்டுகள் வருமானம் குறைந்தவை. ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024ல் சொன்னது பரிந்துரை மட்டுமே, கட்டாயமில்லை. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயையும் தலித், பழங்குடியினருக்கு 125 ரூபாயையும் தாண்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தொழிலின் வாசல் கதவு சற்று அகலமாகியிருக்கிறது. உள்ளே போனதும் உட்கார ஒரு நாற்காலி வேண்டுமே. படிக்கும்போதே நகரத்து நீதிமன்றங்களில் அறிமுகமானவருக்கு அது சீக்கிரம் கிடைக்கிறது.

நகர வாழ்க்கைக்குச் செலவு உண்டு. அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டணத்தை அறை வாடகை விழுங்கிவிடும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுக்கும் முன் அந்தக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: கடைசியாக எப்போது நீதிமன்றத்துக்குப் போனீர்கள்? சட்ட உதவி மையத்துக்குக் கடைசியாக வந்தவருக்கு என்ன பிரச்சினை? இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் வந்தால், அங்கே சேரலாம்.