விதிக்குப் பின்னால் ஒரு காரணம்: பொனேர் தீவு தரும் பாடம்

காரணம் தெரியாத விதியை மாணவர்கள் ஆசிரியர் பார்க்கும்போது மட்டுமே பின்பற்றுவர். காரணம் புரிந்த விதியை யாரும் பார்க்காதபோதும் பின்பற்றுவர். கடலுக்கடியில் கண்காணிப்பாளர் எவரும் நிற்பதில்லை. அங்கே செல்பவர்களை நம்பியே தன் கடலைக் காத்துவரும் பொனேர் தீவு, அறிவியல் கற்பிக்கும் நமக்கு நல்ல எடுத்துக்காட்டு.

வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் உள்ளது பொனேர். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த இச்சிறு தீவின் பரப்பு சுமார் 288 சதுர கிலோமீட்டர். உப்பளங்களில் பூநாரைகளைக் காண்பது, அலையாத்திக் காட்டுக்குள் படகு ஓட்டுவது, தேசியப் பூங்காவில் நடப்பது எனப் பல செயல்பாடுகளுக்காக மக்கள் வருகின்றனர். எனினும் பலர் வருவது ஸ்கூபா என்னும் முக்குளிப்புக்காகவே. கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே பவளப்பாறைகளை அடையலாம். முக்குளிக்கும் இடங்களின் பெயர்கள் சாலையோரம் மஞ்சள் கற்களில் எழுதப்பட்டிருக்கும்.

தீவைச் சுற்றியுள்ள கடல், 60 மீட்டர் ஆழம் வரை, 1979 முதல் கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. இங்கு வருவோர் முதலில் விதிகளைக் கேட்டறிந்து, ஒரு சோதனை முக்குளிப்பை முடித்த பின்னரே மற்ற இடங்களுக்குச் செல்லலாம்.

மூச்சை அடக்காதே

உலகெங்கும் முக்குளிப்போர் கற்கும் முதல் விதி இது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், பாயில் விதிப்படி அந்தக் காற்று இரு மடங்காக விரிய முயலும். நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மெதுவாக மேலே வா

அழுத்தம் கூடும்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. வேகமாக மேலேறினால் அது குமிழிகளாகப் பிரியும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை விளைவுகள் ஏற்படலாம். சோடா பாட்டிலைச் சட்டெனத் திறந்தால் பொங்கி வழிவதும், மெல்லத் திறந்தால் அடங்குவதும் இதே காரணத்தால்தான்.

கையுறை அணியாதே

பொனேரின் விதிகளுள் வியப்பூட்டுவது இது. பாதுகாப்புக்கு உரிய கையுறையை ஏன் தடுக்க வேண்டும்? பவளம் பாறையன்று, எண்ணற்ற சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் மென்மையான மேல்திசு தொட்டாலே சேதமடையும். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. ஒரு நொடியில் உடைத்ததை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும். வெறுங்கையுடன் இருப்பவர், கொட்டும் அல்லது கீறும் என்ற எச்சரிக்கையால் எதையும் பற்றமாட்டார். கையுறை அணிந்தவருக்கு அந்தத் தயக்கம் இராது. படகுகள் நங்கூரமிடத் தடை விதித்து, கட்டிவைக்க மிதவைகள் அமைத்திருப்பதும் இதனால்தான்.

கிளிமீனைப் பிடிப்பதற்கும் அங்கே தடை உண்டு. கிளிமீன் பாசிகளை மேய்கிறது. அது குறைந்தால் பாசி பெருகிப் பவளத்தை மூடிவிடும். உணவுச் சங்கிலியில் ஓர் உயிரினத்தை நீக்கினால் என்னவாகும் என்ற பாடநூல் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

விதிகள் எல்லாவற்றையும் தடுத்துவிடுவதில்லை. கடல்நீர் வெப்பமடைந்தால், பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேற, பவளம் வெளிறுகிறது. 2023-இல் பவளத் திசுவை அழிக்கும் நோயும் பொனேரில் கண்டறியப்பட்டது. நன்கு காக்கப்பட்ட கடலும் தனித்து வாழ முடியாது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. ஊசி நீக்கிய 10 மி.லி. சிரிஞ்சில் காற்றை நிரப்பி, முனையை விரலால் அடைத்து, தண்டை 5 மி.லி. வரை அழுத்தச் சொல்லுங்கள். உள்ளே உள்ள அழுத்தம் 10 மீட்டர் ஆழத்துக்குச் சமம். தண்டை விட்டதும் காற்று விரிவதைக் கண்டபின், 'மூச்சை அடக்காதே' என்பதன் காரணத்தை அவர்களே கூறட்டும்.

2. தொடக்கநிலை மாணவர்கள் பாசி, கிளிமீன், பவளம் எனப் பிரிந்து வட்டமாக நின்று விளையாடட்டும். கிளிமீன்கள் வெளியேறியதும் பாசிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போங்கள். பவளத்துக்கு நிற்க இடமிருக்காது.

3. பள்ளி ஆய்வக விதிகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை மாணவர்களையே எழுதச் செய்யுங்கள். காரணம் கிடைக்காத விதி ஏதேனும் இருந்தால், அதைத் தொடரலாமா என அவர்களுடன் கலந்து பேசுங்கள். அந்த உரையாடலும் அறிவியல் பாடமே.