கடைக்குள் வந்தாச்சு, கண்ணில் படுவது எப்படி?

2021 டிசம்பர் 17 அன்று ஸ்டீம் இணையக் கடையில் ‘வாம்பயர் சர்வைவர்ஸ்’ என்றொரு கணினி கேம் விற்பனைக்கு வந்தது. விலை மூன்று டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. உருவாக்கியவர் லூகா கலான்டே, பிரிட்டனில் வசிக்கும் இத்தாலியர். திரையில் தெரியும் பேய்களும் வௌவால்களும் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய ஆயத்தப் படங்கள். பார்த்தால் 1990களின் வீடியோ கேம் என்றுதான் நினைப்போம். முதல் சில வாரங்கள் அதைச் சீண்ட ஆளில்லை. ஜனவரி தொடக்கத்தில் ‘ஸ்ப்ளாட்டர்கேட்’ என்ற யூடியூபர் அதை ஆடிக் காட்டினார். பிப்ரவரியில் ஒரே நேரத்தில் 70,000 பேருக்கு மேல் அதில் மூழ்கிக் கிடந்தார்கள். 2023 பாஃப்டா விழாவில் ‘எல்டன் ரிங்’, ‘காட் ஆஃப் வார் ராக்னராக்’ போன்ற யானைகளைத் தாண்டிச் சிறந்த கேம் விருதையும் தட்டிச் சென்றது.

டிசம்பரில் கிடந்த கேமுக்கும் பிப்ரவரியில் கொண்டாடப்பட்ட கேமுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இடையில் நடந்ததுதான் விஷயம்.

வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீமைத் தொடங்கியபோது அது தன் சொந்த கேம்களை விநியோகிக்கும் வழியாக மட்டுமே இருந்தது. 2005இல் வெளியார் படைப்புகளும் வரத் தொடங்கின. எதை ஏற்பது என்பதை வால்வ் ஊழியர்களே முடிவு செய்தார்கள். வாசலைத் தாண்டுவதுதான் பெரும்பாடு; தாண்டிவிட்டால் உள்ளே கூட்டம் குறைவு, தானாகவே நாலு பேர் கண்ணில் படலாம். 2012இல் ‘கிரீன்லைட்’ என்ற பெயரில் வாக்கெடுப்பு முறை வந்தது. 2017இல் அதுவும் போய், ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யாரும் கடை விரிக்கலாம் என்றானது. ஆயிரம் டாலருக்கு விற்றால் அந்த நூறும் திரும்பக் கிடைத்துவிடும். விளைவு, 2024இல் மட்டும் 18,000க்கு மேற்பட்ட கேம்கள் வந்து இறங்கின. நாளொன்றுக்கு ஐம்பது! வாசல் அகலமானது நல்லதுதான். ஆனால், வாசலில் இருந்த நெரிசல் அப்படியே அலமாரிக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

இத்தனையையும் மனிதர் உட்கார்ந்து அடுக்க முடியாது. எனவே அல்காரிதம் அடுக்குகிறது. 2019இல் வால்வ் சோதனை முயற்சியாக ஒரு பரிந்துரைக் கருவியை வெளியிட்டது. கேம் எந்த வகை, விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் அது பார்க்காது. யார் எதை எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்ற தரவைத்தான் முக்கியமாக ஒரு நரம்பியல் வலைப்பின்னலுக்கு ஊட்டியிருந்தார்கள். உங்களைப் போன்ற ரசனை கொண்டவர்கள் விரும்பி ஆடியதை அது உங்களுக்கு எடுத்துக் காட்டும். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் நேற்று வந்த கேமை யாருமே ஆடியிருக்கவில்லையே? தரவு இல்லை, தரவு இல்லாததால் பரிந்துரை இல்லை, பரிந்துரை இல்லாததால் ஆடுவோர் இல்லை. கணினி அறிவியலில் இதற்குக் ‘கோல்டு ஸ்டார்ட்’ சிக்கல் என்று பெயர். படம் காட்டும் தளம், புத்தகம் விற்கும் தளம் எல்லாவற்றுக்கும் உள்ள தலைவலி இது. புதியவற்றுக்கென்று ஸ்டீம் தனி வரிசைகள் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடக்கத்தில் விழும் சிறு தள்ளு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு அழகான ஒரு சோதனை இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. பிரபலமாகாத இசைக் குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,341 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் பாடலைக் கேட்டு, பிடித்ததைத் தரவிறக்கிக்கொண்டார்கள்; மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. மீதிப் பேரை எட்டு தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரித்து, அந்தந்த உலகத்துக்குள் எந்தப் பாடல் எத்தனை முறை தரவிறக்கப்பட்டது என்ற எண்ணைக் காட்டினார்கள். பாடல்கள் அதே 48தான். ஆனால், எட்டு உலகங்களிலும் எட்டு விதமான ‘ஹிட்’ வரிசை உருவானது. தனித்துக் கேட்டவர்களிடம் 26ஆம் இடம் பிடித்த ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 40ஆம் இடம்! கூட்டம் நிற்கும் பரோட்டா கடையிலேயே நாமும் போய் நிற்கிறோம் அல்லவா, அதன் கணித வடிவம் இது. மிக நல்ல பாடல்கள் அடியோடு தோற்பது அரிது, மிக மோசமானவை ஜெயிப்பதும் அரிது. நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்தின் தலையெழுத்து மட்டும் முதலில் யார் சொடுக்கினார்கள் என்பதைப் பொறுத்தது.

வெற்றிபெற்ற கேம்களின் ‘ரகசியங்களை’ப் பட்டியல் போடும் வல்லுநர்களை நான் அதிகம் நம்பாததற்கு இந்தச் சோதனைதான் காரணம். அதே ரகசியங்களைப் பின்பற்றிக் காணாமல்போன கேம்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. ‘அமாங் அஸ்’ 2018இல் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சாவகாசமாகக் கிடந்தது. 2020 கோடையில், உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, இணைய நேரலையில் ஆடிக் காட்டும் ஸ்ட்ரீமர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அந்தக் குழு பெருந்தொற்றுக்குத் திட்டமிட்டிருக்க முடியுமா?

என்றாலும் சும்மா இருக்க முடியாதே. சிறு குழுக்கள் செய்வதெல்லாம், கடைக்கு வருமுன்பே ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வருவது. வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்பே ஸ்டீமில் பக்கம் திறக்கிறார்கள். பிடித்தவர்கள் ‘விஷ்லிஸ்ட்’ பொத்தானை அழுத்தி வைக்கிறார்கள். வெளியீட்டு நாளன்று அவர்களுக்கெல்லாம் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். பிறகு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி தந்தால் மறுபடியும் அனுப்பும். கணிசமாக விஷ்லிஸ்ட் சேர்ந்தால் ‘விரைவில் வருபவை’ வரிசையிலும் இடம் கிடைக்கும். ஏழாயிரம் சேர்ந்தால் போதும் என்று டெவலப்பர்கள் மத்தியில் ஒரு கணக்கு உலவுகிறது. வால்வ் அப்படி எந்த எண்ணையும் உறுதி செய்ததில்லை. வந்தபின் முதல் இலக்கு பத்து விமர்சனங்கள். அதுவரை கேமின் பக்கத்தில் மதிப்பீடே தெரியாது. நண்பர்களையும் உறவினர்களையும் நச்சரிக்கும் காலம் இது.

எந்த வகை என்று சொல்லும் ‘டேக்’குகளும் முக்கியம். ஒத்த கேம்களின் கீழே ‘இதைப் போன்றவை’ என்று காட்டுவதற்கு அவை உதவுகின்றன. ஆனால், எதைப் போலவும் இல்லாத கேமுக்கு என்ன செய்வது? 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை, அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டில் அழிந்த வரிகளை ஊகித்து இட்லி அவிப்பதில் தொடங்கிச் சொல்லும் ‘வெண்பா’வை எந்த அலமாரியில் வைப்பது? டொரன்டோவின் ‘விசை கேம்ஸ்’ 2023 ஜூலையில் அதை வெளியிட்டபோது, ஸ்டீமை மட்டும் நம்பவில்லை. மைக்ரோசாஃப்டின் சந்தாச் சேவையான கேம் பாஸில் முதல் நாளே சேர்த்தது. சந்தாதாரர் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் துணிந்து தொட்டுப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் பெருவிருதும், பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருதும் வந்தன. அல்காரிதத்துக்குப் புரியாத கேமைக் கூட்டத்தின் முன் நிறுத்த, நடுவர் குழுக்கள் இன்னும் தேவைப்படுகின்றன.

இவற்றுக்கு நடுவே, இப்போது அதிகம் கைகொடுப்பது பழைய உத்தியான மாதிரிதான், டெமோ. சீட்டாட்டத்தையே புரட்டிப் போட்ட ‘பலாட்ரோ’வைச் செய்தவர், ‘லோக்கல்தங்க்’ என்ற புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் கனடாக்காரர். விளம்பரப் படம் எடுத்தால் வெறும் சீட்டுக்கட்டுதான் தெரியும். ஆனால், டெமோவைத் திறந்தவர்கள் மணிக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரீமர்களும் அப்படியே. 2024 பிப்ரவரி 20இல் வெளியாகி, ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் போயின.

டெமோக்களுக்கென்றே ஸ்டீம் ஆண்டுக்கு மூன்று முறை ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ என்ற ஒரு வார விழா நடத்துகிறது. ஒரு கேம் அதில் ஒரே ஒரு தடவைதான் கலந்துகொள்ள முடியும். ஆகவே, அனுபவப்பட்டவர்கள் டெமோவை முன்கூட்டியே வெளியிட்டு, யூடியூபர்களுக்கு அனுப்பி, திட்டு வாங்கி, திருத்தி, வெளியீட்டுக்கு முந்தைய கடைசி விழா வரும்வரை காத்திருந்துதான் பெயர் கொடுக்கிறார்கள்.