கடைக் கணிப்பொறியில் இணையவழிப் படிப்பு: முதலில் பேரேட்டைக் காப்போம்

கடை நடத்துபவருக்கு வகுப்புக்குப் போய்வர நேரம் கிடைப்பதில்லை. படப்பையிலிருந்து தாம்பரம் சென்று ஒரு மணி நேரம் படித்துத் திரும்புவதற்குள் மாலை வியாபாரம் கைவிட்டுப் போய்விடும். இன்று அந்த வகுப்பு கடைக்கே வருகிறது.

மத்திய அரசு 2017 ஜூலையில் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் கணக்கியல், மேலாண்மை போன்ற பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபோஸ்டாக்' பயிற்சியும் இணையவழியில் நடைபெறுகிறது. உரிமம் பெற்ற உணவு வணிகர்கள், உணவுப் பொருளைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரை வைத்திருக்க வேண்டும் என்பதால், இது மளிகை வியாபாரிகளுக்கு நேரடியாகத் தேவைப்படுவது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பில் நம் பிள்ளைகளும் சேரலாம்.

ஆனால் நம்மில் பலரது கடையில் இருப்பது ஒரே கணிப்பொறி. பில், ஜி.எஸ்.டி. கணக்கு, பாக்கிப் பட்டியல் எல்லாம் அதற்குள்தான். 2020 ஊரடங்கின்போது எங்கள் கடையில் பள்ளி வகுப்புக்காகப் பையன் ஏதோ ஒரு செயலியை இறக்கினான். மறுநாள் கணிப்பொறி திறக்கவில்லை. நகல் எடுத்து வைக்காததால், மூன்று மாதக் கொள்முதல் பில்களை இரவு இரவாக உட்கார்ந்து மீண்டும் பதிந்தோம். தவறு பையனுடையதல்ல, கணிப்பொறியைத் தயார் செய்யாத நம்முடையது. எனவே, படிப்பில் சேரும் முன் கீழ்க்கண்டவற்றைச் செய்துகொள்வது நல்லது.

1. நகல் எடுத்தல்

கணக்கு மென்பொருளில் உள்ள 'பேக்கப்' கட்டளை மூலம் இரண்டு பென் டிரைவ்களில் மாற்றி மாற்றி நகல் எடுக்கவும். எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால், கணிப்பொறியைத் தாக்கும் வைரஸ் அதையும் தாக்கும். ஒன்றை வீட்டில் வைக்கவும். நகலை வேறொரு கணிப்பொறியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

2. கணிப்பொறியின் வயது

விண்டோஸ் பொத்தானுடன் 'ஆர்' எழுத்தை அழுத்தி, 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் எந்தப் பதிப்பு என்பது தெரியும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு மேம்பாடுகள் 2020 ஜனவரியில் நின்றன. குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023 பிப்ரவரி முதல் அதில் இயங்குவதில்லை. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணிப்பொறிகள் பலவற்றில் ஏறாது. அப்படிப்பட்ட கணிப்பொறியில் பில் மட்டும் போட்டுக்கொண்டு, படிப்புக்குக் கைப்பேசியையோ வேறொரு லேப்டாப்பையோ பயன்படுத்துவதே விவேகம்.

3. படிப்புக்குத் தனிக் கணக்கு

விண்டோஸ் அமைப்பில் பயனர் கணக்குகள் பகுதிக்குச் சென்று, படிப்பவருக்கு 'ஸ்டாண்டர்ட்' வகைக் கணக்கு ஒன்று தொடங்கவும். முதலாளியின் கடவுச்சொல் இல்லாமல் அதிலிருந்து பெரும்பாலான புதிய மென்பொருள்களை நிறுவ முடியாது. ஆனால் தனிக் கணக்கு தொடங்கியதாலேயே பேரேடு மறைந்துவிடாது. கணக்கு மென்பொருளுக்குத் தனிக் கடவுச்சொல் வைப்பதோடு, அந்தக் கோப்புகள் உள்ள ஃபோல்டரை மற்றவர் திறக்க முடியாதபடியும் அமைக்க வேண்டும். பில் மென்பொருளை விற்றவரிடம் கேட்டால் செய்து தருவார்.

4. உறுப்புகள்

மெமரி 4 ஜிபி-க்குக் குறைந்தால் வகுப்பும் பில்லும் ஒருசேர ஓடாது. 8 ஜிபி இருந்தால் தடையில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கணிப்பொறியும் சுறுசுறுப்பாகும். கடை இரைச்சலில் ஒலிபெருக்கி பயன்படாது. மைக் உள்ள ஹெட்போன் வாங்கவும்.

5. இணைப்பும் மின்சாரமும்

நேரடி வகுப்புக்குச் சீராக 2 முதல் 3 எம்பிபிஎஸ் வேகம் இருந்தால் போதும். கைப்பேசி இணைப்பில் படித்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை செலவாகலாம். மின்வெட்டில் சாதாரண யு.பி.எஸ். சில நிமிடங்களே தாங்கும். ரூட்டருக்கு மட்டும் சிறிய யு.பி.எஸ். வைத்துக்கொண்டால், கைப்பேசியில் வகுப்பைத் தொடரலாம்.

6. ஏமாறாதிருத்தல்

'வகுப்பில் சேர்க்கிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்' என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் மறுத்துவிடுங்கள். நம் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியாக அது இருந்தால், வங்கிக் கணக்கே அவர் கைக்குப் போய்விடும். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவும்.

இவை முடிந்தபின், வகுப்புக்கு முந்தைய நாள் இரவு கடை அடைத்ததும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஒலி கேட்கிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். வகுப்பு நேரத்தைக் கடையில் உள்ள அனைவரிடமும் சொல்லி, அந்த நேரத்துக்குக் கைப்பில் புத்தகம் ஒன்றைக் கல்லா அருகே வைத்துவிட்டால் வியாபாரமும் நிற்காது.

சரக்கு வரும் முன் கிடங்கைப் பெருக்கி, பழைய மூட்டைகளை ஒதுக்கி வைப்பது நம் வழக்கம்தானே? படிப்புக்கும் அதே முன்னேற்பாடு போதும்.